ஒன்னுக்குப் பத்து வைரஸ், அப்பறமும் பாக்டீரியா எப்படி மிஞ்சுது? – கடிதமும் பதிலும்

அண்ணே, வணக்கம். தேவகோட்டையில இருந்து எழுதுறேன். கடல் தண்ணி ஒரு மில்லியில கோடி வைரஸ் இருக்குன்னு எழுதியிருந்தீங்க. அதப் படிச்சுக் காட்டுனதுல இருந்து எங்க மாமியா தேவிபட்டினம் போயி கடல்ல முழுகுறதுக்கே யோசிக்கிறாக. காரைக்குடியில மைக்ரோபயாலஜி படிக்கிற என் மக வேற ஒன்னு கேக்குறா. ஒரு பாக்டீரியாவுக்குப் பத்து வைரஸ்னா கடல்ல பாக்டீரியாவே மிஞ்சக் கூடாதே, எப்படி மிஞ்சுது? இத ப்ராஜெக்ட்டா எடுக்கலாமான்னும் கேக்கச் சொன்னா.

– வாசகி, தேவகோட்டை

அன்புத் தங்கச்சிக்கு,

மாமியாவ தாராளமா முழுகச் சொல்லுங்க. அந்தக் கோடியில பெரும்பாலானது பேஜ், பாக்டீரியாவ மட்டும் பிடிக்கிற வைரஸ், மனுச செல்லுல ஒட்டிக்க அதுக்கு வழியே கிடையாது. நம்ம ஊருணித் தண்ணியிலயும்தான் இருக்கு, அதக் குடிச்சு வளந்த கூட்டம்தானே நாம. பயப்படணும்னா சாக்கடை வந்து கலக்குற எடத்துக்குப் பயப்படுங்க. கால்ல புண்ணு இருந்தா எறங்க வேணாம், அது கூட பேஜுனால இல்ல, வெதுவெதுப்பான கடல் தண்ணியில இருக்கற சில விப்ரியோ பாக்டீரியாவுக்காக.

உங்க மக கேட்டது சரியான கேள்வி. 1989 வரைக்கும் கடல்ல வைரஸ் ஏதோ கொஞ்சம் இருக்குன்னுதான் நெனச்சிட்டிருந்தாங்க, அகார் தட்டுல, அதாவது பாக்டீரியா வளக்குற ஜெல்லித் தட்டுல, வளர்ற பாக்டீரியாவ வச்சுத்தான் கணக்குப் போட்டாங்க, கடல் பாக்டீரியாவுல பெரும்பாலானது தட்டுல வளரவே வளராது. அந்த வருசம் நார்வேயில பெர்கன் பல்கலைக்கழகத்துக்காரங்க தண்ணிய சென்ட்ரிஃப்யூஜ்ங்கற வேகமாச் சுத்துற மெஷின்ல சுத்தி எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வச்சு நேரா எண்ணுனாங்க, சில எடத்துல மில்லிக்கு 25 கோடி வரைக்கும் வந்துச்சு.

இவ்வளவு இருந்தும் பாக்டீரியா ஏன் ஒழியல? ஒரு பேஜ் எல்லா பாக்டீரியாவையும் தொடாது, தனக்குன்னு உள்ள ஓரிரு வகையத்தான் தொடும், அதுவும் தேடிப் போகத் தெரியாது, காலும் இல்ல வாலாட்டி நீந்தவும் முடியாது, மிதந்துக்கிட்டே கெடக்கும், அது பாட்டுக்கு வந்து இடிச்சாத்தான் உண்டு. அதுக்குள்ள மேல் தண்ணியில வெயில் பட்டு பாதி செத்துரும். அதனால எந்த பாக்டீரியா கூட்டமா பெருகுதோ அதுதான் மாட்டும், அரிதா கெடக்கறது தப்பிச்சுக்கும். ஜெயிக்கறவன் தலையத் தட்டுறதுன்னு வச்சுக்கங்களேன். ஒரே வகை கடல் முழுக்க ஆளாம இத்தன வகை இருக்கறதுக்கு இது ஒரு முக்கிய காரணம். தட்டு வாங்குன கூட்டத்துலயும் மேல்தோல கொஞ்சம் மாத்திக்கிட்டு பேஜ் ஒட்ட முடியாம ஆக்கிக்கிட்டது நாலு மிஞ்சும், அது மறுபடி பெருகும்.

ஆனாலும் சாவு கொஞ்ச நஞ்சம் இல்ல, கடல்ல உள்ள நுண்ணுயிர் எடையில அஞ்சுல ஒரு பங்கு தினமும் வைரஸால சாகுதுன்னு மதிப்பீடு. எனக்குப் பிடிச்ச எடமே இதுதான். பேஜ் உள்ள போயி தன்னையே நகலெடுத்து, கடைசியில செல்லு வெடிச்சு, உள்ள இருந்த நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு எல்லாம் தண்ணியிலயே கரையுது. சாதாரணமா அந்த பாக்டீரியாவ ஒரு சின்னப் பிராணி தின்னு, அத இன்னொன்னு தின்னு, மீன் வரைக்கும் போயிருக்கணும். விசேச வீட்டுல பந்திக்குப் போற சோறு வழியிலயே சிந்தி, திரும்பவும் சமையக்கட்டு ஆளுங்களுக்கே ஆச்சுன்னா எப்படி, அப்படித்தான், மேல போக வேண்டியதுல ஒரு பங்கு பாக்டீரியாவுக்கே திரும்பிருது. மீனுக்கு நட்டம்னு சொல்லலாம், ஆனா நடுக்கடல்ல உரம் எங்க இருந்து வரும், இப்படிக் கரைஞ்சு வர்றத வச்சுத்தான் கண்ணுக்குத் தெரியாத பாசியெல்லாம் பொழைக்குது.

இன்னொன்னு, இந்தப் பேஜ் சூழ்ச்சிக்காரப் பய. வெயில்ல சாப்பாடு தயாரிக்கிற நீலப்பச்சை பாக்டீரியாவப் பிடிக்கிற சில பேஜுங்க ஒளிச்சேர்க்கைக்கான ஜீன தன்னோடவே கொண்டு வருது, பிடிச்ச செல்லு சாகப்போற கடைசி நிமிசம் வரைக்கும் வெயில்ல வேலை செய்யணும், அப்பத்தானே இதுக்கு குட்டி போட தெம்பு கிடைக்கும்.

நல்லதா கெட்டதான்னு மக கேட்டா இதச் சொல்லுங்க. காலராவ உண்டாக்குற விப்ரியோவுக்கு அந்த நோயத் தர்ற விசத்துக்கான ஜீனே ஒரு பேஜ் கொண்டுவந்து சேத்ததுதான், 1996ல கண்டுபிடிச்சாங்க. அதே விப்ரியோவக் கொல்ற வேற பேஜும் இருக்கு, டாக்காவுல காலரா பரவி முடியற நேரத்துல தண்ணியில அந்தப் பேஜ் எகிறுறதப் பாத்து 2005ல எழுதியிருக்காங்க.

ப்ராஜெக்ட்டுக்கு தாராளமா எடுக்கலாம். தொண்டியில அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு கடலியல் துறையே இருக்கு, அங்க விசாரிக்கச் சொல்லுங்க. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் எல்லாம் வேணாம், தண்ணிய, பாக்டீரியா தங்கி பேஜ் மட்டும் எறங்குற 0.2 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டி, நோய் தராத ஒரு விப்ரியோவோட கலந்து, எளகுன அகார்ல தட்டு மேல ஊத்தி வச்சா மறுநாள் மோர் ஊத்துன மாதிரி வெளுத்த பரப்புல குண்டூசித் தலை அளவு ஓட்டை ஓட்டையா தெளிஞ்சிருக்கும், ஒவ்வொரு ஓட்டையும் ஒரு பேஜ்ல ஆரம்பிச்சது. எந்த விப்ரியோன்னு கைடுகிட்ட கேட்டுத்தான் எடுக்கணும், கண்டதையும் வளக்க வேணாம். தண்ணிய ஐஸ் பெட்டியில வச்சு அன்னைக்கே காரைக்குடிக்கு கொண்டு வந்துரணும், பஸ்ல வெயில்ல வச்சுட்டு வந்துட்டு ஓட்டையே வரலைன்னு என்கிட்ட வரக்கூடாது.