தம்பி பெயரில் என்ன செய்யலாம்?

19 வயதில் போய்விட்ட தம்பியின் பெயரில் மும்பையில் அறக்கட்டளை தொடங்க 2 லட்சம் ரூபாய் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போதே பதிவு செய்ய வேண்டாம், நண்பரே. மகாராஷ்டிரத்தின் 1950ஆம் ஆண்டு பொது அறக்கட்டளைச் சட்டப்படி அறக்கட்டளை ஆணையர் அலுவலகத்தில் பதிவு, பிறகு கணக்குத் தணிக்கை என்று அலைச்சலும் செலவும் உண்டு.

தாராவியில் மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. ஜூனில் பள்ளி திறந்ததும் தலைமையாசிரியரைப் பாருங்கள். பிள்ளைகள் சேர்க்கைப் பணம், புத்தகம், ரயில் பாஸ் என்று தடுமாறுவது 10ஆம் வகுப்பு முடித்த பிறகுதான். ஒரே ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். 12ஆம் வகுப்பு முடியும்வரை கைவிடாதீர்கள். கட்டணத்தை, 11, 12ஆம் வகுப்புகள் நடக்கும் ஜூனியர் கல்லூரியிலேயே நேரில் கட்டிவிடுங்கள்.

என் அக்காவுக்காக நான் செய்வதும் இதுதான். முதல் வருடம் புத்தகங்களை அம்மா கையால் கொடுக்க வைத்தேன். அக்காவின் பெயரை அம்மா அன்றுதான் மறுபடி வாய்விட்டுச் சொன்னார்.