ஜப்பானில் ரயில் பிடிப்பது சுலபம், ஸ்டேஷனை விட்டு வெளியே வருவதுதான் பாடு

கேள்வி: டூர் பேக்கேஜ் எடுக்காமல், மொழியும் தெரியாமல், ஜப்பானில் ரயில் பஸ்ஸிலேயே சுற்றிப் பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். நான் வேலூர் சத்துவாச்சாரிக்காரன், அம்மாவைக் கூட்டிக்கொண்டு டோக்கியோ, கியோட்டோ என்று பத்து நாள் சுற்றிவிட்டு வந்தேன். டாக்சியில் ஏறியது ஒரே ஒரு தடவை, அந்தக் கதை கடைசியில்.

மொழிப் பயத்தை முதலில் விடுங்கள். டோக்கியோ மெட்ரோவில் லைனுக்கு ஒரு எழுத்து, ஸ்டேஷனுக்கு ஒரு எண். கின்சா லைனில் உவேனோ ஜி 16, அசாகுசா ஜி 19. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது, எண் தெரியுமே. நான் மேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, "பதினேழு போச்சு, பதினெட்டு போச்சு, எழுந்திருடா" என்று அவர்தான் என்னை இறக்கினார்.

சூய்கா, இகோகா என்று முன்கூட்டியே காசு ஏற்றி, கேட்டில் தொட்டுவிட்டுப் போகிற கார்டுகள் இருக்கின்றன, ஒன்று வாங்கினால் பெரிய ஊர்களில் எங்கும் செல்லும். ஆனால் ஆளுக்கொரு கார்டு வேண்டும். கண்டக்டரிடம் "காட்பாடி ரெண்டு" என்று கேட்டே பழகியவன் நான், முதல் நாள் உள்ளே போய்விட்டு அதே கார்டை அம்மாவிடம் நீட்டினேன், கேட் படக்கென்று மூடிக்கொண்டது. கியோட்டோ சிட்டி பஸ்ஸில் கண்டக்டரே கிடையாது. பின்கதவில் ஏறி, இறங்கும்போது முன்னால் டிரைவர் பக்கத்துப் பெட்டியில் காசு போட வேண்டும், ஊருக்குள் எங்கே இறங்கினாலும் 230 யென்.

ஜேஆர் பாஸ், அதாவது வெளிநாட்டுப் பயணிகள் ஜேஆர் கம்பெனி ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு இஷ்டம்போல் போகிற டிக்கெட், வாங்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து ஒரே தாவலாக 50,000க்கு ஏறிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்கிற புல்லட் ரயிலில் சுமார் 14,000 யென், போய் வந்தாலும் 28,000தான். ஹிரோஷிமா, அது இது என்று ஒரே வாரத்தில் ஓடுகிறவர்களுக்கு வேண்டுமானால் கட்டுப்படியாகும், நமக்கு வேண்டாம்.

இப்போது நிஜமான பிரச்சினைக்கு வருகிறேன். காட்பாடி ஜங்ஷனில் எப்படியாவது வெளியே வந்தால் ஆட்டோ நிற்கும். டோக்கியோவின் ஷின்ஜுகு ஸ்டேஷனில் இருநூறு வாசலுக்கு மேல். ஃபூஜி மலைப் பக்கம் போகும் பஸ் புதுத் தெற்கு வாசலுக்குப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது, நான் எங்கேயோ மேற்கே ஏறி, ரோட்டைத் தாண்டி, மறுபடி சுரங்கப்பாதையில் இறங்கி, முக்கால் மணி நேரம் அம்மாவை நடக்கவிட்டேன். அங்கே பஸ் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிடும், கை காட்டினால் நிற்காது. அதனால் ரயிலில் ஏறும் முன்பே இறங்குகிற ஸ்டேஷனில் எந்த வாசல் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டேஷன் பெயரைவிட அதுதான் முக்கியம். பெரிய பெட்டிகளை ஸ்டேஷன் லாக்கரில் போட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த டாக்சி. காட்பாடியில் ராத்திரி ரெண்டு மணிக்கும் ரயில் வரும், டீ கிடைக்கும். அதே நினைப்பில் ஷிபுயாவில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றோம். டோக்கியோவில் நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே ரயில் நின்றுவிடும், மறுபடி விடியற்காலைதான். நாங்கள் போனபோது ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். டாக்சி மீட்டர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு வந்த அம்மா பாதி வழியில் கேட்டார்: "இன்னாடா, இந்தக் காசுக்கு நாம ஷேர் ஆட்டோல எத்தினி வருஷம் போலாம்?"