வெள்ளை பூத்த சாக்லேட் பார்: விற்றவர் சொல்லும் சமாதானம் சரிதானா?

கேள்வி: 70 சதவீதம் என்று போட்டிருந்த டார்க் சாக்லேட் பார் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். மேலே சாம்பல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. விற்றவரைக் கேட்டால், "சுத்தமான கோகோ என்றால் அப்படித்தான் இருக்கும்" என்கிறார். அதே 70 சதவீதம் போட்ட இன்னொரு பார் பளபளவென்று இருக்கிறது, ஆனால் வாயில் மெழுகாக ஒட்டுகிறது. இரண்டில் எது நல்லது? தின்று பார்த்தே கண்டுபிடிக்கலாமா?

பதில்: கண்டுபிடிக்கலாம். முதலில் அந்த விற்பனையாளர் சொன்னதை ஒதுக்கிவையுங்கள். வெள்ளை பூப்பது சுத்தத்துக்கு அடையாளம் அல்ல, பெரும்பாலும் பாரைச் சரியாக வைத்திருக்கவில்லை என்பதற்குத்தான் அடையாளம்.

கோகோ வெண்ணெய், அதாவது கோகோ கொட்டையின் கொழுப்பு, ஆறு விதமாக உறையக்கூடியது. நமக்கு வேண்டியது ஐந்தாவது விதம். அது சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும். அதனால்தான் மேசையில் கெட்டியாக இருக்கும் பார் நாக்கில் கரைகிறது. தயாரிப்பாளர் டெம்பரிங் செய்வது, அதாவது உருக்கிய சாக்லேட்டை அளவாக ஆற்றி மறுபடி சூடேற்றுவது, இந்த உறைவுக்காகத்தான். வழியில் சூடுபட்டு இளகி மறுபடி இறுகினால் அந்த ஒழுங்கு குலைந்து, கொழுப்பு மேலே வந்து படிகிறது. தின்றால் கெடுதல் இல்லை, ஆனால் மொறுக்கென்று உடையாமல் பொலபொலவென்று உதிரும்.

விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை மறைந்து விரலில் பிசுக்கு ஒட்டினால் அது கொழுப்பு. சொரசொரவென்று இருந்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைந்தால் சர்க்கரை. ஈரம் பட்டு, சர்க்கரை கரைந்து, காய்ந்து மேலே நின்றுவிட்டது என்று அர்த்தம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் உறையைப் பிரிப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். பஞ்சு போல எழும்பி, பூஞ்சை வாடை அடித்தால் மட்டும் தூக்கி எறியுங்கள்.

இரண்டாவது பாருக்கு வருவோம். பளபளப்பை நம்பாதீர்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பனங்கொட்டை எண்ணெய் போன்ற கொழுப்பைச் சேர்த்தால் டெம்பரிங் இல்லாமலேயே மின்னும். உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்கள் எடை வரிசையில் இருக்கும். கோகோ மாஸ், அதாவது அரைத்த கோகோ கொட்டை விழுது, முதலில் வரவேண்டும். பிறகு சத்து அட்டவணைக்குப் போங்கள். கோகோ 70 சதவீதம் என்றால் மிச்சம் 30தான். 100 கிராமுக்குச் சர்க்கரை 45 கிராம் என்று போட்டிருந்தால் முன்பக்கத்து 70 பொய். இந்தக் கணக்கைப் போட ஒரு நிமிடம் போதும், ஆனால் யாரும் போடுவதில்லை.

அந்த 70 என்ற எண்ணே பாதி உண்மைதான். கோகோ மாஸ், கோகோ வெண்ணெய் இரண்டும் சேர்ந்த தொகை அது. மாஸ் 65, வெண்ணெய் 5 என்றாலும் 70; மாஸ் 50, வெண்ணெய் 20 என்றாலும் 70. முதலாவது கசக்கும், இரண்டாவது வழுவழுக்கும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தில் சாக்லேட்டுக்குக் குறைந்தது 35 சதவீதம் கோகோ, அந்த 35இல் குறைந்தது 18 கோகோ வெண்ணெய் என்று அளவெல்லாம் இருக்கிறது. ஆனால் வாங்குபவரின் கண்ணில் படும் உறையில் மாஸ் எவ்வளவு, வெண்ணெய் எவ்வளவு என்று பிரித்துக் காண்பது அரிது. வழியில் எத்தனை டிகிரியில் கிடந்தது என்பதும் தெரியாது. பணம் கொடுப்பவர் கேட்கும் முதல் இரண்டு கேள்விகளுக்கே உறையில் பதில் இல்லையென்றால் அது என்ன லேபிள்?

இனி ருசி. பாரை உறையோடு 20 முதல் 22 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். சில்லென்று தின்றால் நல்ல சாக்லேட்டும் மெழுகாகத்தான் தெரியும்; உங்கள் இரண்டாவது பாரையும் இப்படி ஒருமுறை சோதித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். இரண்டு பாரையும் உறை தெரியாதபடி யாரையாவது உடைத்துத் தரச் சொல்லுங்கள்: ஒன்றில் இரண்டு துண்டு, மற்றதில் ஒரு துண்டு, ஒவ்வொன்றும் 5 கிராம். தனித்து நிற்பது எது என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால் விலை வித்தியாசம் வீண்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு துண்டை நாக்கில் வையுங்கள். இனிப்பு, கசப்பு, புளிப்பு மட்டும் தெரியும். பாதி கரைந்ததும் மூக்கை விடுங்கள், மணம் குபீரென்று ஏறும். ஏறாமல் வெறும் வெனிலா மட்டும் வந்தால், மட்டமான கோகோ கொட்டையை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். கசப்பையும் துவர்ப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கசப்பு கோகோவின் இயல்பு; நாக்கை வறட்டி இழுக்கும் துவர்ப்பு, கொட்டை சரியாகப் புளிக்காததைக் காட்டும். புகை வாடை வந்தால் விறகுப் புகையில் உலர்த்தியது. வினிகர் நெடி அடித்தால் கொட்டையை உலர்த்துவதிலோ, சாக்லேட்டை நெடுநேரம் சூட்டோடு கிளறும் கோன்ச்சிங்கிலோ அவசரம்.

முந்திரி, ஹேசல்நட் பதித்த பார்களுக்கு மட்டும் வேறு கணக்கு. பருப்பின் எண்ணெய் மெல்ல மெல்ல சாக்லேட்டுக்குள் ஊறி, கோகோ வெண்ணெயை இளக்கி, வெளியே தள்ளும். தயாரிப்பாளர் ஒரு தப்பும் செய்யாமல், 18 டிகிரியில் பத்திரமாக வைத்தாலும் நாளடைவில் வெள்ளை பூக்கும். ஆகவே பருப்புக்கு மேலேயும் அதைச் சுற்றியும் மட்டும் வெள்ளை இருந்தால் பார்சல்காரரைக் குறை சொல்லாதீர்கள். இதில் உடையும் சத்தமும் மந்தமாக இருக்கும், அதை வைத்து மதிப்பெண் குறைக்கக்கூடாது. பருப்பைத் தனியே எடுத்துக் கடியுங்கள். காறல் அடித்தால்தான் குற்றம். பார் முழுக்க ஒரே சீராக வெளுத்திருந்தால் பருப்பைச் சாக்காகச் சொல்ல விடாதீர்கள், அது பெரும்பாலும் சூடுதான்.

இன்னொரு கூட்டத்திடம் எச்சரிக்கை. வெளுத்த சரக்கை மொத்தமாக எடுத்து, தேதியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி விற்பவர்கள் உண்டு. ஸ்டிக்கர் ஓரம் தூக்கியிருந்தால் உரித்துப் பாருங்கள். ஆலைச் சாக்லேட்டை உருக்கி அச்சில் ஊற்றிவிட்டு, கொட்டையிலிருந்து நாங்களே செய்தது என்பவர்களும் உண்டு. கொட்டை எந்தத் தோட்டம், எந்த ஆண்டு அறுவடை, வறுத்தது யார் என்று கேளுங்கள். வறுத்தவர் தயங்காமல் சொல்வார். பதக்க முத்திரை இருந்தால், அது எந்த ஆண்டுக்கு, இதே பாருக்குத்தானா என்று பாருங்கள்.

உங்கள் முதல் பாரை விரலால் தேய்த்ததில் பிசுக்கு வந்திருந்தால், படமெடுத்து, தொகுதி எண்ணோடு விற்றவருக்கு அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் பாரை எறிய வேண்டாம். 45 டிகிரிக்கு உருக்கி, கிளறிக்கொண்டே 28க்கு ஆறவிட்டு, 31க்கு மறுபடி சூடேற்றி அச்சில் ஊற்றினால் பளபளப்பு திரும்பும். தண்ணீர் ஒரு சொட்டும் படக்கூடாது, பட்டால் கட்டிதட்டிவிடும்.