அந்தப் பத்து மதிப்பெண்

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். மின்னேற்றம் பெற்ற உள்ளீடற்ற உலோகக் கோளத்தின் உள்ளே மின்னழுத்தம் சுழி என்று கரும்பலகையில் எழுதிவிட்டேன். "மின்புலம்தானே சார் சுழி?" என்று ஒரு மாணவன் கேட்டான். "அவ்வளவு தெரிந்தால் நீயே வந்து நடத்து, அகமதிப்பீட்டு மதிப்பெண்ணையும் நீயே போட்டுக்கொள்" என்றேன். வகுப்பே சிரித்தது. அன்று முதல் அவன் வாய் திறப்பதில்லை. மன்னிப்புக் கேட்டால் மதிப்புப் போய்விடும் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: முதல் வேலையாகக் கரும்பலகையில் திருத்துங்கள். உள்ளே மின்புலம்தான் சுழி. மின்னழுத்தம் பரப்பில் எவ்வளவோ அவ்வளவே உள்ளேயும். வகுப்பில் எல்லார் நோட்டிலும் இன்னும் அந்தத் தவறு கிடக்கிறது.

நீங்கள் சொன்னதில் முதல் பாதி வெறும் கோபம், மறந்துபோகும். இரண்டாவது பாதி மறக்காது. எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்தப் பத்து உங்கள் பேனாவில் இருக்கிறது. பொறியியல் கட்-ஆஃபில் இயற்பியலின் 100 மதிப்பெண் 50 ஆகச் சுருங்கும். நீங்கள் இரண்டு குறைத்தால் அங்கே ஒன்று குறையும். அந்த ஒன்றுக்குள் எத்தனை பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள் என்பது கலந்தாய்வுக்குப் போய்வந்த குடும்பங்களுக்குத் தெரியும். நீங்கள் விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம்; அவனால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. பிரம்பு போனதும் அதிகாரமே போய்விட்டது என்று புலம்பும் ஆசிரியர்கள் இந்தப் பத்தை ஏனோ கணக்கில் சேர்ப்பதில்லை.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் ஆசிரியராகத் தகாதவர்களைச் சொல்லும்போது மடற்பனையை, அதாவது மட்டைகள் சூழ்ந்த பனைமரத்தை, உவமை காட்டுகிறார். அது தானாகப் பழத்தை உதிர்த்தால்தான் உண்டு. நெருங்கிப் பறிக்க விடாது. மாணவன் நிழல்போல் ஆசிரியரைத் தொடர வேண்டும் என்று விதித்த அதே நூல்தான் இதையும் சொல்கிறது. நம் ஆட்கள் நிழலை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள்.

மன்னிப்புக்கு வருவோம். அவனை ஆசிரியர் அறைக்குக் கூப்பிடாதீர்கள். அங்கே "பரவாயில்லை சார்" என்பதைத் தவிர அவனால் எதுவும் சொல்ல முடியாது. சிரித்த வகுப்பின் முன்னால் சொல்லுங்கள்: "அன்று இவன் கேட்டது சரி. நான் எழுதியது தவறு. மதிப்பெண்ணைப் பற்றி அப்படிப் பேசியிருக்கக் கூடாது." அவ்வளவுதான், பாடத்தைத் தொடருங்கள். "நம் விஞ்ஞானி" என்று தூக்கி வைக்காதீர்கள், அது இன்னொரு கேலி. மதிப்புப் போகுமே என்ற கவலையும் வேண்டாம். அன்றிரவே பாடநூலைப் புரட்டிப் பார்த்த நாலு பேராவது அங்கே இருப்பார்கள்.

அகமதிப்பீட்டை எதன் அடிப்படையில் போடுகிறீர்கள் என்பதை வகுப்பு முழுவதற்கும் விளக்கி, மதிப்பெண் பட்டியல் போவதற்கு முன் அவரவர் மதிப்பெண்ணைக் காட்டிவிடுங்கள். இதற்குப் பிறகும் அவன் சில வாரங்கள் பேசாமல் இருக்கலாம். "ஏன் வாய் திறக்க மாட்டேன் என்கிறாய்?" என்று மட்டும் எழுப்பி நிறுத்தாதீர்கள்.