குடை தூக்கிய நடுவர்கள்

கேள்வி: தமிழ்ப்பள்ளி மாணவர்களின் ஓவியப் போட்டிகளுக்கு என்னை நடுவராக அழைப்பதுண்டு. அண்மையில் 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் படம் ஒன்றின் கறுப்பு வெள்ளை அச்சைப் பார்த்தேன். கறுப்புக் கோட்டணிந்த பெரியவர்கள் குடையையும் கைத்தடியையும் தூக்கியபடி நிற்கிறார்கள். நடுவர் குழு என்று கீழே எழுதியிருக்கிறது. இது கேலிச் சித்திரமா? கையுயர்த்தித் தீர்ப்பளிப்பது முறைதானா?
– ஓர் ஆசிரியை, ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: கேலிச் சித்திரம் அன்று. நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால், அது ஹென்றி ஜெர்வெக்ஸ் வரைந்து 1885-இல் காட்சிக்கு வைத்த, இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் தைல ஓவியத்தின் அச்சாகவே இருக்க வேண்டும். கேலி வேண்டுமென்றால் பிரெஞ்சுக் கேலிச் சித்திரக்காரர் தொமியேயிடம் போக வேண்டும். நிராகரிக்கப்பட்ட ஓவியன் ஒருவன் ஆத்திரத்தில் தன் படத்தைத் தானே நாசமாக்குவதை அவர் 1840-இலேயே கல்லச்சில் வரைந்துவிட்டார்.

ஜெர்வெக்ஸ் காட்டுவது நடந்த நடைமுறையை. 'சலோன்' எனப்பட்ட பெருங்கண்காட்சிக்காகப் பாரிஸின் தொழில் மாளிகையில் ஆயிரக்கணக்கான படங்கள் வந்து குவியும். ஒவ்வொன்றுக்கும் சீட்டெழுதி வாக்களித்துக்கொண்டிருக்க நேரமேது? ஏற்பவர்கள் கையிலிருந்ததை உயர்த்தினார்கள், அது குடையானாலும் சரி, தடியானாலும் சரி. இந்த வேகத்தில் யார் யாருடைய படம் அடிபட்டுப்போனது என்பதுதான் பெரிய கதை. 1863-இல் நிராகரிப்பு அளவு மீறிப்போய்க் கூச்சல் எழவே, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தலையிட்டு, ஒதுக்கப்பட்டவற்றைத் தனியே காட்சிக்கு வைக்கச் சொன்னார். ஓவியர் மானேயின் 'புல்வெளியில் மதிய உணவு' மக்கள் கண்ணில் பட்டது அங்கேதான். 1881-இல் அரசு விலகிக்கொள்ள, சலோனை நடத்தும் பொறுப்பு ஓவியர்களின் சங்கத்துக்கே போயிற்று.

ஜெர்வெக்ஸும் அடிபட்டவர்தாம். அவருடைய 'ரோலா' என்ற ஓவியம் ஒழுக்கக்கேடானது என்று 1878-ஆம் ஆண்டுச் சலோனிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு வணிகரின் கடையில் அதை வைத்தபோது கூட்டம் அலைமோதியது. அப்படியிருந்தும் நடுவர்களை அவர் பழிதீர்க்கவில்லை என்பது எனக்கு வியப்புத்தான்.

கையுயர்த்துவதைப் பொறுத்தவரை, எனக்கு அதில் உடன்பாடில்லை. மூத்தவரின் தடி எழுந்த பிறகு, பக்கத்தில் நிற்கும் இளையவர் தம் குடையைக் கீழேயே வைத்திருப்பது எளிதன்று. இங்கே கோலாலம்பூரில் தீபாவளிக் கோலப் போட்டிகளில் நடுவர்கள் தனித்தனித் தாளில் புள்ளியிட்டு ஒப்படைப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பள்ளிப் போட்டிகளுக்கும் அதையே கேட்டு வாங்குங்கள். பேச்செல்லாம் தாளைக் கொடுத்த பிறகு இருக்கட்டும்.