வைஸ் சிட்டி ஏன் சிறுத்துப் போனது?

கேள்வி: எட்டாம் வகுப்பு படித்தபோது, 2004-இல், வேலூர் பழைய பேருந்து நிலையம் அருகில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ‘ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி’ விளையாடியிருக்கிறேன். அண்மையில் அதன் புதுப்பித்த பதிப்பை வாங்கி, வீட்டிலுள்ள 55 அங்குல டி.வி.யில் ஆடினேன். படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் ஊரே சிறுத்துவிட்டதுபோல் தோன்றுகிறது. இரண்டாம் நாளே சலித்துவிட்டது. குறை என் வயதிலா, விளையாட்டிலா? பத்து வயது மகனோடு சேர்ந்து ஆடலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: ஊர் சிறுத்துவிட்டதாக நீங்கள் உணர்வது மனப்பிரமை அன்று, அதற்குத் தெளிவான தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. 2002 அக்டோபரில் பிளேஸ்டேஷன் 2 என்ற கேம் கருவிக்கு வெளியாகி, 2003 மே மாதம் கணினிக்கு வந்த மூல விளையாட்டு, 32 எம்.பி. முதன்மை நினைவகம் மட்டுமே கொண்ட கருவிக்குள் ஒரு நகரத்தையே அடக்க வேண்டியிருந்தது. எட்டத்தில் உள்ள கட்டடங்களை எல்லாம் ஒரே நேரத்தில் வரைய இயலாது என்பதால் அவற்றை மங்கலான மூட்டத்துக்குப் பின்னால் மறைத்தார்கள்; கடலோர நகரம் என்பதால் அந்த மூட்டம் உப்புக்காற்றும் புழுக்கமும்போல இயல்பாகப் பொருந்திவிட்டது. சாலை எங்கே முடிகிறது என்று தெரியாதபோது ஊர் முடிவற்றதாகத் தோன்றும். 2021 நவம்பரில் அன்ரியல் என்ஜின் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் வந்த புதுப்பித்த பதிப்பு அந்த மூட்டத்தைப் பெருமளவு நீக்கிவிட்டதால், ஒரு தீவில் நின்றபடியே மறு தீவு தெரிகிறது. கோடை முழுவதும் வெப்பத்தில் மங்கிக் கிடக்கும் நம் வேலூர் மலைகள், நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டதுபோல் தெரியுமே, அதைப் போன்றதுதான் இதுவும்.

இதற்குத் தீர்வு உங்கள் கையிலேயே இருக்கிறது. வெளியானபோதே குறைகள் மலிந்திருந்த அந்தப் பதிப்புக்காக, விளையாட்டை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது. பின்னர் 2024 நவம்பரில் வந்த அப்டேட்டில் ‘கிளாசிக் லைட்டிங்’ என்ற தேர்வைச் சேர்த்தது. விளையாட்டை அப்டேட் செய்து, காட்சி அமைப்புகளில் அதை இயக்குங்கள். பழைய வானத்தின் நிறமும் மூட்டமும் திரும்பி வரும். அத்தோடு டி.வி.யில், படத்தை மெருகேற்றும் வேலையைக் குறைக்கும் ‘கேம் மோட்’ வைப்பது அவசியம். அன்று நீங்கள் பார்த்த குழாய் மானிட்டர், விசையைத் தட்டியவுடன் படத்தைக் காட்டியது, இன்றைய டி.வி. படத்தை மெருகேற்றிய பிறகே காட்டுவதால் கார் திரும்புவதில் நொடியின் ஒரு சிறு பின்னம் தாமதம் நேர்கிறது. கை அதை உணரும். மனமோ, வயதாகிவிட்டது என்று தவறாகக் கணக்கிடும். கார் வானொலியில் தேடிய பாட்டு வராவிட்டாலும் அமைப்பில் பிழை என்று எண்ண வேண்டாம். உரிமம் காலாவதியானதால் சில பாடல்களை நீக்கியிருக்கிறார்கள்.

சலிப்பைப் பொறுத்தவரை நான் சொல்ல விரும்புவது வேறு. சத்துவாச்சாரியில் கணினியும் கேம் கருவிகளும் பழுதுபார்க்கும் என்னிடம் உங்கள் வயதுக்காரர்கள் பலர் இதே குறையைச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டுப் பார்த்தால், அவர்களில் பெரும்பாலோர் அந்த விளையாட்டின் கதையைப் பாதிகூடத் தாண்டியதில்லை. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்த சீட் கோடுகளை (குறுக்குவழிச் சொற்களை) தட்டி, ராணுவ டேங்க் வரவழைத்து, நேரம் முடியும்வரை ஊர் சுற்றினார்கள். நான்கு குண்டுகளைக் கட்டடத்துக்குள் வைக்க வேண்டிய பொம்மை ஹெலிகாப்டர் பணியில் பலர் நின்றேவிட்டார்கள். நீங்களும் அவ்வாறே ஆடியிருந்தால், ஏற்கெனவே அனுபவித்த பகுதியைத்தான் இப்போது திரும்பச் சுற்றுகிறீர்கள். கதையில் புயல் எச்சரிக்கை நீங்கி, மறு தீவுக்குச் செல்லும் பாலங்கள் திறந்தபின் வரும் பகுதி உங்களுக்குப் புதியதாகவே இருக்கக்கூடும். தோற்ற பணியை உடனே மீண்டும் தொடங்கவும், சேருமிடத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்ளவும் புதிய பதிப்பு இடம் கொடுப்பதால், அலுவலகம் முடிந்து வருபவருக்கு இது பழையதைவிட ஏற்றது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், ஓரிரு பணிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று உங்கள் பணமும் அவ்வளவு நேரத்துக்குத்தான் போதியது.

மகனோடு ஆடுவது கூடாது. நம் காலத்தில் யாரும் தடுக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும் கொலையும் போதைப்பொருள் வணிகமுமே கதையாக உள்ள இந்த விளையாட்டு ஐரோப்பிய மதிப்பீட்டில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியது. அவன் உறங்கிய பிறகு ஆடுங்கள். அவனோடு சேர்ந்து ஆட, 1990-களின் கிராஷ் பேண்டிகூட் விளையாட்டுகள் மூன்றையும் 2017-இல் புதிதாக உருவாக்கி வெளியிட்ட ‘என். சேன் டிரைலஜி’யைப் பரிந்துரைக்கிறேன். அதன் முதல் பாகத்தில் மேடைகளின் விளிம்பில் கால் வைத்தால் மூலத்தைவிட எளிதில் வழுக்கும். ஆகவே மூன்றாம் பாகத்திலிருந்து தொடங்கி, உயிர் போகும்போதெல்லாம் கன்ட்ரோலரைக் கை மாற்றிக்கொள்ளுங்கள்.