மழைக்குட்டை இறால்கள்: கேள்வி பதில்

மழைக்குட்டைகளில் கண்ட விநோத இறால்களைப் பற்றி வேலூர், ராணிப்பேட்டை பக்கத்து வாசகர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

சார், எங்கள் குட்டை பங்குனியிலிருந்து கட்டாந்தரை. மழை பெய்து ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் குட்டி இறால்கள் மல்லாந்து நீந்துகின்றன. எங்கிருந்து வந்தன? (ஒடுகத்தூர்)

எங்கிருந்தும் வரவில்லை, அந்த மண்ணிலேயேதான் கிடந்தன. மல்லாந்து நீந்துகிறது என்றால் அது ஃபேரி ஷ்ரிம்ப். நம் ஊர்க் குட்டைகளில் காணும் ஓர் இனம் ஸ்ட்ரெப்டோசெபாலஸ் டைகோடோமஸ். போன மழைக்குத் தாய் விட்ட முட்டைக்குள் கரு கொஞ்சம் வளர்ந்து, அப்படியே நின்றுவிடும். மேலே தடித்த ஓடு, உள்ளே உயிர்ச்செயல் ஏறக்குறைய பூஜ்யம். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் உள்ள ஆர்ட்டீமியாவும் இதன் சொந்தம்தான். அதன் முட்டையில் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை சேர்ந்திருக்கும். தண்ணீர் வற்றினாலும் செல்கள் சிதையாமல் காப்பது அதுதான். தலைப்பிரட்டை இறாலான ட்ரையாப்ஸின் முட்டைகளைக் கொல்ல வேண்டுமானால் கொதிக்கத்தான் வைக்க வேண்டும் என்று 1968-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதற்கு முன்னால் வேலூர் கத்திரி வெயில் எந்த மூலைக்கு!

ஒரு மழை பெய்து ஐந்தே நாளில் குட்டை வற்றிவிட்டால் மொத்தமும் அழிந்துவிடாதா? (அணைக்கட்டு)

பொரித்தவை செத்துப்போகும், இனம் அழியாது. எல்லா முட்டையும் முதல் மழைக்கே பொரிப்பதில்லை என்பதுதான் இந்த உயிரிகளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஒரே தாய் விட்ட முட்டைகளில் சில இந்த மழைக்கு, சில அடுத்ததற்கு, இன்னும் சில பல ஆண்டுகள் கழித்து. விதைநெல்லை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை விதைக்கிற குடியானவன் கணக்கு. 1990-களில் கலிபோர்னியாவின் மழைக்குட்டைகளில் ஆராய்ந்தவர்களும் இதைத்தான் கண்டார்கள்: ஒரு முறை நனைத்தால் முட்டைகளில் ஒரு பங்குதான் பொரிக்கிறது. அதனால், காய்ந்து கிடக்கிறதே என்று குட்டையின் மேல்மண்ணை டிராக்டரில் அள்ளினால் பல வருஷத்துச் சேமிப்பும் லோடோடு போய்விடும்.

கோட்டை அகழியில் தேடலாமா? (வேலூர்)

வேண்டாம். ஆண்டு முழுக்கத் தண்ணீர், மீனும் உண்டு. மீன் இருக்கும் இடத்தில் இவை பிழைக்காது. கொசுவை ஒழிக்கிறோம் என்று மழைக்குட்டையில் கம்பூசியா மீனை விடுவதும் எனக்குச் சம்மதமில்லை.

ஐயா, ட்ரையாப்ஸை எப்படி அடையாளம் காண்பது? (கல்லூரி மாணவர், காட்பாடி)

கையில் லென்ஸ் இருந்தால் சுலபம், தம்பி. முதுகில் கவசம், பின்னால் நூல் மாதிரி இரண்டு வால், அடியில் டஜன் கணக்கில் கால்கள். இரண்டு கூட்டுக் கண்களுக்கு நடுவே சின்னதாக மூன்றாவது கண் தெரியும். இரண்டு வால்களுக்கும் இடையில் தட்டையாக ஒரு மடல் நீண்டிருந்தால் அது லெபிடியூரஸ், குளிர்நாட்டுச் சொந்தம், இங்கே எதிர்பார்க்காதே. சிப்பிபோல இரண்டு ஓட்டுக்குள் ஒளிந்திருப்பது கிளாம் ஷ்ரிம்ப். கவசமே இல்லாமல் மல்லாந்து போவது ஃபேரி ஷ்ரிம்ப். ட்ரையாப்ஸ் கிடைத்தால் தனியாக வை. கூட இருப்பதையும் தின்னும், தன் இனத்தையும் தின்னும்.

ட்ரையாப்ஸ் நெல்லுக்குக் கெடுதலா? (விவசாயி, ஆற்காடு)

எப்படிப் பயிர் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் தண்ணீர் கட்டிய வயலில் நேரடியாக விதைக்கிறார்கள். அங்கே ட்ரையாப்ஸ் முளையைக் கடிக்கும், சேற்றைக் கிளறிப் பிடுங்கும், தண்ணீரைக் கலக்கி வெளிச்சத்தை மறைக்கும். எனவே பூச்சிக்கொல்லி அடிக்கிறார்கள். ஜப்பானில் நாற்று நடவு. வேர் பிடித்த நாற்றை அதனால் அசைக்க முடியாது, அதே கிளறலில் களை முளைகள்தான் மிதந்துவிடும். அங்கே அதைக் களையெடுக்கும் ஆளாகவே பார்த்தார்கள். நடவு வயல் என்றால் கவலையை விடுங்கள்.

ட்ரையாப்ஸ் டைனோசருக்கும் முந்தைய இனம் என்கிறார்களே? (குடியாத்தம்)

உருவம் பழையது, இனம் அல்ல. 20 கோடி ஆண்டுக்கும் முந்தைய ஜெர்மனிப் பாறையில் இதே சாயலில் புதைபடிவம் இருக்கிறது. ஆனால் 2013-ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகக் குழு டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது, இன்றைய ட்ரையாப்ஸ் கேன்கிரிஃபார்மிஸ் என்ற இனம் தனியாகப் பிரிந்து 2.5 கோடி ஆண்டுகள்கூட ஆகவில்லை என்று வந்தது. ‘வாழும் புதைபடிவம்’ என்று பெட்டியில் அச்சடித்து முட்டையை விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

தோல் கழிவுநீர் கலந்த தண்ணீரைச் சோதிக்க இவை பயன்படுமா? (ராணிப்பேட்டை)

பயன்படும். தாம்னோசெபாலஸ் பிளாட்டியூரஸ் என்ற அமெரிக்க ஃபேரி ஷ்ரிம்பின் குஞ்சுகளை மாதிரி நீரில் விட்டு, 24 மணி நேரத்தில் எத்தனை சாகின்றன என்று எண்ணும் முறைக்கு 2011-லேயே ஐ.எஸ்.ஓ. தரம் இருக்கிறது. உலர்ந்த முட்டை கையில் இருந்தால் போதும், ஆண்டு முழுக்க வளர்க்கத் தேவையில்லை. ஆனால் எந்தப் பொருள் கொன்றது என்று இது சொல்லாது. குரோமியமா உப்பா என்பதற்குத் தனியாக ரசாயனச் சோதனை வேண்டும்.

என் மகள் வீட்டில் பொரிக்க வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறாள். (பேரணாம்பட்டு)

தாராளமாகச் செய்யட்டும், அம்மா. குட்டையில் கடைசியாக நீர் வற்றிய பள்ளத்தின் காய்ந்த மேல்மண் ஒரு கைப்பிடி போதும். அகலமான தொட்டியில் பரப்பி மழைநீர் ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். உப்பு அதிகமென்றால் முட்டை பொரிக்காது. வெளிச்சம் படட்டும், நேர் வெயில் வேண்டாம். இரண்டு மூன்று நாளில் டார்ச் அடித்தால் வெளிச்சத்தை நோக்கிப் புள்ளிகள் துள்ளி வரும். தீனிக்கு ஈஸ்ட் ஊசிமுனை அளவு போடலாம், கூடினால் தண்ணீர் நாறிவிடும். ஒன்றும் வராவிட்டால் மண்ணைக் கொட்டிவிடாமல் நன்றாகக் காயவைத்து மறுபடி நனையுங்கள்.